ஒதுக்கிவைத்த மேகங்கள்

ரோவெரெத்தோ,
இத்தாலி,
6 மார்ச் 2025, வியாழன் காலை

அன்புள்ள லோரிஸ்,

இங்கு அனைவரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படிக் கேட்டால் கேலி செய்வதுபோல இருக்கும். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுகிறாய். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் சோடியம் உலை சூடாக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் மூன்று முறை எழுந்து போய் அளவுமானியைப் பார்த்துவிட்டேன். பார்த்தால் சீக்கிரம் சூடாகிவிடுமா என்ன. இரண்டு நாளாக எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

நீ எழுதியதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். 27ஆம் தேதி உங்கள் ஆய்வுக்கூடத்தில் மதிப்பீட்டுக் கூட்டம். என் கட்டுரைப்படி குளிர்ந்த அணுமேகத்தில் சுழி நான்கு விநாடி உயிரோடு இருக்கவேண்டும். உன்னிடம் ஒன்றேகால் விநாடிக்கு மேல் தாங்கவில்லை. மூன்று விநாடியாவது இருந்தால்தான் நீங்கள் திட்டமிட்ட சோதனையைத் தொடங்கவே முடியும். மூன்று வருடத்தில் கண்ணாடிக் கூண்டை மூன்று முறை மாற்றிவிட்டாய், காந்தச் சுருள்களை அவிழ்த்து மறுபடி சுற்றிவிட்டாய், ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் திட்டத்தை மூடுவதற்குள் நீயே விலகிவிடப் போகிறாய். 30ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய். சரிதானே?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், வேண்டுமானால் கோபித்துக்கொள். டிக்கெட் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த வரியில் "என் கை பட்டால் சுழி செத்துப்போகிறது" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகும் அந்தச் சந்தோஷம் முழுதாகப் போய்விடவில்லை. மூன்று வருடமாகத் தனியாகச் சாப்பிடுகிறேன், லோரிஸ். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ரொட்டி உருண்டைகள் நாற்பது செய்து குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனார், எல்லாம் உனக்கு. உன் வேலை என்னதான் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக உட்கார வைத்து விளக்கினேன். வாயுவைக் குளிரவைத்து, இன்னும் குளிரவைத்து, எல்லா அணுக்களும் ஒரே பொருளாக ஆகும்வரை குளிரவைப்போம். அந்த மேகத்தைக் கலக்கினால் காப்பிபோல மொத்தமாகச் சுற்றாது, பிடிவாதம் பிடிக்கும். வேறு வழியில்லாதபோது நடுவில் ஒரு சின்ன ஓட்டையைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றி மட்டும் ஓடும், அதுதான் சுழி. ஒரு சுழி இருக்கும், இரண்டு இருக்கும், அரைச் சுழி என்று ஒன்று கிடையாது. அது ஓரிடத்தில் நிற்காது. வட்டமடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போய் மறைந்துவிடும். அதைப் பார்க்கவேண்டுமென்றால் மேகத்தைத் திறந்துவிட்டு நிழற்படம் எடுக்கவேண்டும், அதோடு மேகம் போய்விடும், அடுத்ததற்குப் புது மேகம் என்றேன். உன் அம்மா தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. "ஒண்ணு எவ்வளவு நாள் உசுரோட இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒவ்வொண்ணையும் கொன்னு பாக்குறீங்க. இதுக்குத்தான் அவன் ஆஸ்திரேலியா போனானா?" என்றார். பிறகு, "அவன் வர்றதுக்குள்ள அந்தக் கட்டிலுக்கு நல்ல மெத்தையா ஒண்ணு வாங்கு. இந்த மெத்தையில படுத்தா கெழவனாத்தான் எந்திரிப்பான்" என்றார்.

இனி என் செய்தி. நிரந்தரப் பணிக்கான போட்டித் தேர்வு ஏப்ரல் 8 என்று முடிவாகிவிட்டது. ஒரே இடம், நேர்முகத்தில் நான்கு பேர். சுழியின் ஆயுள் கட்டுரை என் பட்டியலில் முதலாவதாக இருக்கும்வரை எனக்குக் கவலையில்லை என்கிறார் பேராசிரியர் சில்வானோ. ஜூன் மாதத்தோடு இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. இது கிடைக்கவில்லையென்றால் நாற்பத்தொரு வயதில் நான் பள்ளிக்கூடத்தில் வெப்பமானி படிக்கச் சொல்லித்தர வேண்டியதுதான்.

கட்டுரைக்கு எடுத்த மூலப் படங்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அவை பழைய வட்டுகளில், இங்கே ஆய்வுக்கூடத்தில் ப்ரூனாவின் அலமாரியில் இருக்கின்றன. ப்ரூனா திருவிழா வாரத்தில் பனிச்சறுக்கப் போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு டப்பா நிறைய சர்க்கரை தூவிய பொரிச்ச பலகாரத்தையும் கொண்டுவந்தாள், லேசர் மேசைக்குப் பக்கத்தில் அதைத் திறந்ததற்காக நான் போட்ட சத்தத்தில் இன்னும் பேசவில்லை. சமாதானமானதும் சாவி வாங்கி அனுப்புகிறேன். உலை சூடாகிவிட்டது.

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
நீவெஸ்


ரோவெரெத்தோ,
14 மார்ச் 2025, வெள்ளி மதியம்

அன்புள்ள லோரிஸ்,

நீ இரண்டு முறை நினைவூட்டியும் படங்கள் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். வட்டுகளைத் திங்கட்கிழமையே எடுத்துவிட்டேன். அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி, சுற்றிவளைக்காமல் பதில் சொல். மேகம் மெலிந்து வந்தால், அதாவது அணுக்கள் மிகக் குறைவாக இருந்தால், அந்தப் படத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கிறீர்களா, மோசமான படம் என்று ஒதுக்கிவிடுகிறீர்களா? இங்கே எல்லோருக்கும் ஒதுக்கிப் பழக்கம். யாரும் அதை ஒரு முடிவாகவே நினைப்பதில்லை, வாழைப்பழத்தில் கறுத்த இடத்தைக் கிள்ளிப் போடுவதுபோலத்தான். படம் வந்ததும் "மோசம்" என்று ஒருவர் சொல்வார், அடுத்ததுக்குப் போய்விடுவோம். என் பழைய வட்டில் அப்படி ஒதுக்கிய படங்கள் தனியாக ஒரு தொகுப்பில் இருக்கின்றன. ஆயிரத்து அறுநூற்று நாற்பது படங்களில் நானூற்றுப் பன்னிரண்டு. அழித்திருப்பேன். எந்தப் படத்தையும் அழிக்கக் கூடாது என்று ப்ரூனா அப்போது என்னோடு சண்டை போட்டதால்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

நீ ராஜினாமாக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. ஏன் என்று இப்போது கேட்காதே. கெர்ரியிடம் பேசும்போது உன் ஒன்றேகால் விநாடியைப் பற்றி மன்னிப்புக் கேட்பதுபோலப் பேசாதே. உன் குழுத் தலைவி நல்லவள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் நீயே தலையைக் குனிந்துகொண்டு நின்றால் அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

நேற்று பேராசிரியர் என்னைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை, சன்னலோரம் நின்றேன். தேர்வுக்குத் தயார் செய்கிறாயா என்றார். செய்கிறேன் என்றேன். "நல்லாத் தூங்கு நீவெஸ். மூஞ்சியப் பாத்தா மூணு நாள் பம்புக்குப் பக்கத்துலயே படுத்தவ மாதிரி இருக்கு" என்றார். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். "லோரிஸுக்கு இன்னும் நாலு விநாடி வரலியா? கெட்டிக்காரப் பையன்தான், ஆனா பொறுமை கெடையாது. அவசரக்காரன் கையில மேகம் தங்காது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு போராடுகிறவனைப் பொறுமையில்லாதவன் என்கிறார். பதில் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே வந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று உனக்கு எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பாஸ்தா வேகவைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். உப்பில்லாமலே தின்றுவிட்டு ஆற்றங்கரையில் பாலம் வரை நடந்து திரும்பினேன், மறுபடி பாலம் வரை நடந்தேன். மலைமேல் பனி இன்னும் உருகவில்லை. உன் அம்மா மெத்தைக்கடையின் விளம்பரத்தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

பத்து நாள் கொடு. எனக்காகக் கேட்கவில்லை என்று எழுத வந்தேன், அது உண்மையா என்று தெரியாததால் எழுதவில்லை.

என்றும் உன்,
நீவெஸ்


ரோவெரெத்தோ,
24 மார்ச் 2025, திங்கள் காலை

லோரிஸ்,

நலம் விசாரிப்பது கடைசியில் இருக்கட்டும். உன் எண் சரி. ஒன்றேகால் விநாடிதான் சரி. நான்கு விநாடி என்பது என் தவறு, என்னுடையது மட்டும்.

போன கடிதத்தில் உன்னிடம் பாதி மறைத்தேன். ஒதுக்கிய படங்களில் ஒன்றும் இல்லாமல் போகலாம் என்று எழுதியபோது அவற்றில் முப்பதைப் பார்த்து முடித்திருந்தேன். என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் எழுதினேன்.

நடந்தது இதுதான். கட்டுரைக்குப் படம் எடுத்த வருடம் நவம்பரில் லேசர் அடிக்கடி தடுமாறிக்கொண்டிருந்தது, பாதி மேகங்கள் மெலிந்தே வந்தன. தினமும் அவற்றைப் பார்த்து ஒதுக்கி அலுத்துப்போய், அணுக்களின் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் படத்தைத் தானாகவே ஒதுக்கிவிடும்படி கணினி நிரலில் ஒரு வரி எழுதினேன். அதன் பக்கத்திலேயே "தற்காலிகம்" என்றும் எழுதிவைத்தேன். இப்போது என் கையெழுத்தைப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. அப்போது லேசரைச் சரி செய்தோம். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். டிசம்பரில் ஆயுளை அளக்கத் தொடங்கியபோதும் அது அங்கேயே இருந்தது.

மற்றதை நீயே சொல்லிவிடுவாய். காத்திருக்கும் நேரம் கூடக்கூட மேகம் தானாகவே மெலியும். மெலிந்த மேகத்தில் குளிராத அணுக்களின் பங்கு அதிகம், அவை உரசி உரசியே சுழியை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஆக, எந்தப் படங்களில் சுழி செத்திருந்ததோ அவற்றையே என் நிரல் பொறுக்கி எடுத்து ஒதுக்கியிருக்கிறது. பிழைத்தவை மட்டும் எனக்கு முன்னால் வந்து நின்றன. குளிர்காலத்தை எத்தனை கிழவர்கள் தாண்டினார்கள் என்று, ஏப்ரலில் சந்தைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொன்ன மாதிரி. எண்ணிவிட்டு இந்த ஊரில் சாவே இல்லை என்று கட்டுரையும் எழுதிவிட்டேன். கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் கேட்கவில்லை, பேராசிரியர் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. மற்றவர் முடிவு என்றால் நூறு கேள்வி கேட்பவன் நீ. என்னுடையது என்பதால் அப்படியே நம்பி, அதன்மேல் மூன்று வருடத்தைக் கட்டினாய்.

என் கண்ணை நானே நம்பவில்லை. அதனால் ப்ரூனாவைக் கூப்பிட்டேன். எந்தப் படம் எவ்வளவு காத்திருந்து எடுத்தது என்பதை மறைத்து, எல்லாப் படங்களையும் கலைத்து அவள் முன்னால் வைத்தேன். சுழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல் என்றேன். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆறு நாள் உட்கார்ந்தாள். "இருக்கு. இல்ல. இல்ல. இது சுழியா, கண்ணாடில தூசியா? இல்லன்னு போடு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஆயிரம் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். "அடியே, எதுக்கு எண்ணுறோம்னு எனக்கு இப்ப புரியுது. இது லோரிஸ் விஷயந்தானே?" என்றாள். ஆமாம் என்றேன். "தேர்வு எப்போ?" என்றாள். எட்டாம் தேதி என்றேன். நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினாள். "அடுத்த படத்தப் போடு" என்றாள். அவள் கணக்கில் ஒன்று புள்ளி மூன்று விநாடி வந்தது, என் கணக்கிலும் கிட்டத்தட்ட அதுதான். உன் மேகம் எங்களுடையதைவிடச் சற்றுச் சிறியது, அதற்கு ஒன்றேகால் என்பது அச்சாகப் பொருந்துகிறது. உன் கையில் ஒரு குறையும் இல்லை. மூன்று வருடமாகச் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு நீ உன்னையே அடித்துக்கொண்டிருந்தாய்.

வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்டினேன். மனிதர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் மறைக்கச் சொல்லல நீவெஸ். திருத்தம் போடுவோம், நானே கையெழுத்துப் போடுறேன். எட்டாந்தேதி முடியட்டும், அவ்வளவுதான் கேக்குறேன். ரெண்டு வாரம். அந்தச் சுழி எங்க ஓடிப்போகுது?" என்றார். 27ஆம் தேதி அங்கே லோரிஸுக்குக் கூட்டம் என்றேன். "அவன்தான் எப்படியும் திரும்பி வரப்போறான்னு நீயே சொன்னியே. வரட்டும். நீ நிரந்தரமாயிட்டா அவனுக்கும் இங்க எதையாவது பாத்துக்கலாம். புருஷன் பொண்டாட்டி ஒரே ஊர்ல இருக்கறது என்ன பாவமா?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, லோரிஸ். நான் ஏற்கெனவே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவரும் சொன்னார். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நாளாக எனக்குள் ஓடியதெல்லாம் அதுதான். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். 30ஆம் தேதி நீ விமானம் ஏறுவாய், எட்டாம் தேதி எனக்கு வேலை கிடைக்கும், மெத்தை வந்துவிடும். பிறகு ஒருநாள் திருத்தம் வெளிவரும்போது நீ வருத்தப்படுவாய், "பரவால்ல" என்பாய். நீ தோற்றவனாக வந்தால் மறுபடி எங்கும் போகமாட்டாய் என்றுகூட ஒரு நாள் காலையில், காப்பி கொதித்துக்கொண்டிருக்கும்போது நினைத்தேன். அதை நினைத்தவள் நான்தான். அடுப்பை அணைத்துவிட்டு அடுக்களையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அதனால் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். இன்று காலை ஏழு மணிக்கு கட்டுரை வந்த இதழுக்கு எழுதி அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். தேர்வுக் குழுவுக்கு எழுதி, பட்டியலில் முதல் கட்டுரையை நீக்கச் சொல்லி, காரணத்தையும் எழுதினேன். கெர்ரிக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பது படங்களையும், அந்த ஒற்றை வரியோடு நிரலையும், ப்ரூனாவின் எண்ணிக்கையையும் அனுப்பினேன். பேராசிரியருக்கு எல்லாவற்றின் நகலும் போயிருக்கிறது. முதலில் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்னைத் தடுத்திருப்பாய். தடுக்க வேண்டுமென்று நானும் உள்ளுக்குள் காத்திருந்திருப்பேன். ஆகவே நீ கடைசியாகத் தெரிந்துகொள்கிறாய். இதற்காகவும் என்னை மன்னிக்கவேண்டியிருக்கும், பட்டியல் நீளமாகத்தான் போகிறது.

எட்டாம் தேதி நான் தேர்வுக்குப் போவேன். அந்தக் கட்டுரை இல்லாமல் எனக்கு இடம் கிடைக்காது. "போயி உக்காரு, அவங்க மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துட்டு வா" என்கிறாள் ப்ரூனா. போய்விட்டு வருகிறேன். உன் அம்மாவிடம் இன்று மாலை நானே சொல்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று யோசிக்காமல் இருக்க முயல்கிறேன்.

நீ டிக்கெட்டை ரத்து செய். கெஞ்சிக் கேட்கிறேன். சுழி ஏன் ஒன்றேகால் விநாடியில் சாகிறது என்று உலகத்தில் மற்ற எவரையும்விட உனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது சாகாமலிருக்க உலகத்தில் இருக்கிற எல்லா வழியையும் நீ முயன்று பார்த்திருக்கிறாய். அந்த வேலை அங்கேதான் இருக்கிறது, இங்கே இல்லை. வராதே என்று என் கையால் எழுதுவது எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நான் அங்கே வரட்டுமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு வாயில்லை, அதனால் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டம் நடக்கும் அந்த அறையில், இது யாருடைய தவறு என்று கேட்பார்கள். என் மனைவி என்று சொல்லாதே. சொன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நீ யாரையோ காப்பாற்றப் பார்க்கிறாய் என்று ஒருவராவது நினைப்பார், அந்தக் கறை உன் எண்ணின்மேல் படியும். என் முழுப் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போ.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடு, எட்டு மணி நேரமாவது தூங்கு. விழித்தபிறகும் நான் உன் மனைவியாகத்தான் தோன்றினால், எனக்கு ஒரே ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
நீவெஸ் பெர்த்தோல்தி,
ரோவெரெத்தோ